காத்து எவ்ளோ சார்?

"காத்து எவ்ளோ சார்?"

பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பையன் கேட்கும்போது உங்கள் வாயிலிருந்து என்ன பதில் வருகிறது? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். "முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்தஞ்சு." சரிதானே? அந்த முப்பதும் முப்பத்தைந்தும் எங்கிருந்து வந்தன? உங்களுக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் சொன்னார். அவருக்கு, அவருக்கு முன்னால் நின்றவர் சொல்லியிருப்பார். இந்த வரிசையில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால், கடைசியில் ஒரு அம்பாசடர் கார் நிற்கும் என்பது என் சந்தேகம்.

நான் பி.காம். பத்து வருடம் கம்பெனிகளில் கணக்கு எழுதினேன். இப்போது பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறேன். (இரண்டுக்கும் கொஞ்சம் கற்பனை தேவைப்படுகிறது.) ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வவுச்சர்களைப் புரட்டிய ஆள் நான். அப்பேர்ப்பட்டவன், என் உயிரைத் தாங்குகிற இரண்டு டயர்களுக்கு எவ்வளவு காற்று என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. முப்பது, முப்பத்தைந்து. அவ்வளவுதான்.

இந்த நிலைமை ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை ராத்திரி மாறியது. அதற்குக் காரணம் என் பழைய ஆபீஸ் நண்பன். பெயர் வேண்டாம். 'டிராக் மன்னன்' என்று வைத்துக்கொள்வோம், ஆபீஸில் நாங்கள் அவனை அப்படித்தான் கூப்பிடுவோம். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒரே ஒரு நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்தவன். அன்றிலிருந்து டீக்கடைப் பக்கம் திரும்புவதென்றால்கூட முழங்காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் திரும்புவான்.

"மச்சி, வர்ற ஞாயித்துக்கிழமை டிராக் டே இருக்கு. உன் வண்டியையே எடுத்துட்டு வரலாம். எதிர்ல தண்ணி லாரி கிடையாது, மாடு கிடையாது, மாமா கிடையாது!"

மாமா என்றால் போக்குவரத்துக் காவலர். ஆசை யாரை விட்டது? ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருக்கிற அந்தத் தடத்தில் 1990-லிருந்து பந்தயம் நடக்கிறது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பு மெட்ராஸ்காரர்கள் ரேஸ் பார்க்கப் போனது சோழவரத்துக்கு. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. பெரிய பெரிய ஆட்கள் வண்டி ஓட்டிய மண். பணம் கட்டிவிட்டேன்.

"ஒரே ஒரு விஷயம்," என்றான் டிராக் மன்னன். "காத்தை இறக்கிடு. டிராக்ல கிரிப்தான் முக்கியம். ரெண்டு டயர்லயும் பதினெட்டு வெச்சுக்கோ."

"பதினெட்டா? ரொம்பக் கம்மி இல்லே?"

"வீடியோ எல்லாம் பாக்கறதே இல்லையா நீ? ரேஸ்காரங்க எல்லாம் பத்துப் பன்னெண்டு இறக்கறாங்க மச்சி!"

வீடியோ என்று சொன்ன பிறகு எதிர்த்துப் பேச முடியுமா? ஞாயிறு விடிகாலை கிளம்பவேண்டும் என்பதால் சனிக்கிழமை சாயங்காலமே குரோம்பேட்டை வீட்டு வாசலில் உட்கார்ந்து, தீக்குச்சியால் வால்வை அழுத்தி, 'புஸ்ஸ்' என்று காற்றை இறக்கினேன். டிராக் மன்னன் இரவல் கொடுத்திருந்த மீட்டரில் பதினெட்டு, பதினெட்டு. மனசுக்குள் ஒரு வீரம் வந்தது. வால்வ் மூடியைத் திருகும்போதே ஏதோ வளைவில் சாய்கிற மாதிரி இருந்தது.

* * *

ராத்திரி பதினொன்றே கால். வெளியே மழை. அப்பா ஹாலில் வந்து நின்றார்.

"நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா இருக்குப்பா."

எழுபது வயது. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். வலி என்று வாயைத் திறந்து சொல்கிற ஜாதி இல்லை. அவர் சொல்லிவிட்டார் என்றால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போனில் ஆட்டோ தேடினேன். சுற்றிக்கொண்டே இருந்தது, வரவில்லை. அந்த நேரத்தில் 108-க்குப் போன் போட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கிற நீங்களாவது அப்படிச் செய்யுங்கள். எனக்குத் தோன்றவில்லை. வண்டிச் சாவியை எடுத்தேன். வீட்டுக்காரி அப்பாவுக்கு மப்ளரும் ரெயின் கோட்டும் மாட்டிவிட்டாள். "மெதுவா போங்க" என்றாள்.

நாலு கிலோமீட்டர். முதல் தெரு தாண்டும்போதே ஹேண்டில்பார் கனத்தது. ஏதோ மாவுக்குள் சக்கரத்தை விட்டுத் திருப்புகிற மாதிரி. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மழை, பதற்றம் என்று நினைத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்புகிற வளைவில், வண்டியைச் சாய்த்தேன். முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் திரும்பவில்லை. யாரோ சீட்டைப் பிடித்து இழுப்பது போல ஒரு ஆட்டம். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம். அதே நேரத்தில் தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு பள்ளம். 'டங்'கென்று இரும்பில் அடித்த மாதிரி சத்தம். எதிரே ஒரு தண்ணீர் லாரியின் விளக்கு.

விழவில்லை. எப்படி விழாமல் போனோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கால் தரையில் உரசி, செருப்பு போய், வண்டி நின்றது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது.

அப்பாவின் வலது கை என் தோளைப் பிடித்திருந்தது. சின்ன வயசில் சைக்கிளின் முன்பாரில் நான் உட்கார்ந்து போகும்போது என்னைச் சுற்றி இருந்த கை. அப்போது அது என்னைக் காப்பாற்றப் பிடித்தது. இப்போது அவர் விழாமல் இருக்கப் பிடித்திருந்தது.

"ஒண்ணும் ஆகல. போ," என்றார்.

நர்சிங் ஹோமில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். விடிகாலை நாலு மணிக்கு இளம் டாக்டர் ஒருவர் வந்து தோளைத் தட்டினார்.

"ஹார்ட் நல்லா இருக்கு சார். பயப்படாதீங்க. வெறும் காத்துதான்."

"என்ன சார்?"

"கேஸ் டிரபிள் சார். வயித்துல காத்து."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று நர்ஸைத்தான் கேட்க வேண்டும். அப்பாவுக்குக் காற்று அதிகம். அவரை ஏற்றி வந்த வண்டிக்குக் காற்று கம்மி. என் குடும்பத்தில் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிட்டது!

* * *

அன்றைய டிராக் டே போச்சு. கட்டிய பணமும் போச்சு. மதியம் தூங்கி எழுந்து வெளியே வந்தால் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பனியன் துணியால் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இங்க வா. இதுல என்னவோ எழுதியிருக்கே."

செயின் கவர் மேல் ஒரு ஸ்டிக்கர். நாலு வருஷச் சேற்றுக்கு அடியிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தது. முன் டயர் 25. பின் டயர், ஒரு ஆள் என்றால் 28. இரண்டு ஆள் என்றால் 32.

"நீ எவ்ளோ அடிக்கிறே?"

"முப்பது, முப்பத்தஞ்சு..."

"நேத்து?"

மென்று முழுங்கினேன். சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. துணியைப் பிழிந்தார்.

"பி.காம். படிச்சிருக்கே. இதைப் படிக்கலையே" என்றார்.

அதற்கப்புறம் நான் படித்தேன். எதையும் பரீட்சைக்கு முந்தின நாள் படித்தே பழகியவன், முதல் தடவையாகப் பரீட்சையில் ஃபெயிலான பிறகு படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆபீஸ் பஸ் வருவதற்குள் முடித்துவிடலாம்.

25 என்றால் என்ன? ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 25 பவுண்டு அழுத்தம். பி.எஸ்.ஐ. என்று மீட்டரில் போட்டிருப்பது அதுதான். உங்களையும் உங்கள் வண்டியையும் தாங்குவது ரப்பர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ரப்பர் வெறும் பை. தாங்குவது உள்ளே இருக்கிற காற்று. தரையைத் தொடுவது டயருக்கு ஒரு உள்ளங்கை அகலம் இடம்தான். பிரேக் போடுவது, வளைவது, லாரிக்குத் தப்புவது எல்லாம் அந்த இரண்டு உள்ளங்கையை நம்பித்தான்.

காற்று அதிகமானால் அந்த உள்ளங்கை சுருங்குகிறது. பிடி குறைகிறது. சின்னக் கல்லுக்கெல்லாம் வண்டி துள்ளுகிறது. டயர் நடுவில் மட்டும் தேய்கிறது. நாலு வருஷம் 35 அடித்த என் பின் டயரைப் பார்த்தேன். ஓரமெல்லாம் அடர்த்தியாக இருக்க, நடு மண்டையில் மட்டும் வழுக்கை. கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது.

காற்று குறைந்தால்? பக்கச் சுவர் மடங்கி மடங்கி விரிகிறது. மடங்குகிற எதுவும் சூடாகும். டயர் ஓரத்தில் தேய்கிறது, பெட்ரோல் கூடக் குடிக்கிறது. வளைவில் ரிம் ஒரு பக்கம் போக, ரப்பர் அரை நொடி யோசித்துவிட்டுப் பின்னாலேயே வருகிறது. அந்த அரை நொடிதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் பார்த்த ஆட்டம். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பாரம் பெரும்பாலும் பின் டயர் மேல்தான் இறங்கும். அதனால்தான் 28 என்பது 32 ஆகிறது. 32 இருக்க வேண்டிய இடத்தில் நான் 18 வைத்திருந்தேன். கணக்கில் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் ஆடிட்டர் கையெழுத்தே போடமாட்டார்.

"மழையில காத்தைக் குறைச்சா நல்லாப் பிடிக்கும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விமானச் சக்கரங்களை வைத்து அமெரிக்காவின் நாஸா ஆராய்ச்சியாளர்கள் 1963-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். டயர் எந்த வேகத்தில் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும் என்பது, உள்ளே இருக்கிற அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அதாவது, காற்று குறையக் குறைய, சீக்கிரமே மிதக்கும். பைக் டயர் உருண்டை வடிவம், தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகும். விமான டயர் அளவுக்குச் சிரமம் இல்லை. ஆனாலும் மழைக்காகக் காற்றை இறக்குவது, குடையை மடக்கிக்கொண்டு மழையில் போகிற மாதிரிதான்.

இன்னொரு சமாச்சாரமும் கண்ணில் பட்டது. காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் உரிமம் வாங்கிவிட்டார். ஆனால் அதை யாரும் சீந்தவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் டன்லப் என்ற மாட்டு டாக்டர்தான் அதைத் திரும்பக் கண்டுபிடித்தார். எதற்காக? அவருடைய சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி டயரோடு கடகடவென்று ஓடியது. பையனுக்கு அலுங்காமல் இருக்கட்டும் என்று ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார்.

அப்பா, பிள்ளைக்காகக் காற்றை அடைத்தார். நான், அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிற ராத்திரி பார்த்து இறக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை.

* * *

பஞ்சர் கடையில் காட்டியபோது பின் ரிம்மில் ஒரு சொட்டை. "காத்து இல்லாம பள்ளத்துல விட்டா அடி நேரா ரிம்முக்குத்தான் சார்" என்றார் கடைக்காரர். சக்கரத்தை மாற்றினேன். வழுக்கை விழுந்த டயரையும் மாற்றினேன். பில்லைப் பார்த்து வீட்டுக்காரி, "இதுக்கு ஒரு பவுன் வாங்கியிருக்கலாம்" என்றாள். ஒரு பவுன் வராது. ஆனால் அந்த நேரத்தில் தங்க விலையைப் பற்றிப் பேசினால் வேறு திசையில் போய்விடும் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். கூடவே ஒரு காற்று மீட்டரும் வாங்கினேன். இரண்டு பிரியாணி விலை.

அடுத்த டிராக் டேக்கு, நம்பமாட்டீர்கள், அப்பாவேதான் போகச் சொன்னார். "பயந்துகிட்டு விட்டுடாதே. தெரிஞ்சுகிட்டுப் போ" என்றார்.

இருங்காட்டுக்கோட்டையில் வண்டிகள் நிற்கும் இடத்தில் தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். சோழவரம் காலத்திலிருந்தே ரேஸ் வண்டிகளோடு கிடந்தவர். நான் மீட்டரை எடுத்து ஸ்டிக்கரில் உள்ளபடி 25, 28 என்று வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். பக்கத்திலேயே டிராக் மன்னன் பதினெட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, முதல்ல ரெண்டு பேரும் பத்து நிமிஷம் ஓட்டிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

ஓட்டிவிட்டு வந்தோம். டிராக் மன்னன் முகத்தில் ரத்தமில்லை. "வண்டி அல்வா மேல போற மாதிரி போவுதுடா" என்றான். பெரியவர் புறங்கையை டயரில் வைத்துப் பார்த்தார். மீட்டரை வைத்தார். அவன் டயர்கள் 18-லிருந்து முன்னால் 21, பின்னால் 22 ஆகியிருந்தன.

"இப்ப பாருங்க. யாரும் காத்து அடிக்கல. தானா ஏறியிருக்கு. எதனால?"

"சூடு," என்றேன், படித்துவிட்டு வந்த திமிரில்.

"ஆமா. பத்து டிகிரி சூடு ஏறினா ஒண்ணே கால், ஒண்ணரை பவுண்டு ஏறும். இங்க நிறுத்தாம வளைச்சு, பிரேக் போட்டு ஓட்டறோம். அதனால ரோட்டைவிட டயர் ஜாஸ்தி சூடாகும். அதுக்குத்தான் தம்பி கொஞ்சம் இறக்கிட்டுக் கிளம்பறது. சூடானப்புறம் எவ்ளோ நிக்குது, அதான் கணக்கு."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இது கணக்குதான்! காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது இருப்பது ஓப்பனிங் பேலன்ஸ். ஓடிச் சூடானபின் இருப்பது குளோசிங் பேலன்ஸ். ரோட்டில் ஓட்டுகிறவன் ஓப்பனிங் பேலன்ஸைச் சரியாக வைத்தால் போதும். ஸ்டிக்கரில் இருப்பது அந்த எண்தான். மிச்சச் சூட்டையெல்லாம் கம்பெனிக்காரன் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அதை எழுதியிருக்கிறான். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவன் குளோசிங் பேலன்ஸை முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ற ஓப்பனிங்கைத் தேடுகிறான்.

"எவ்ளோ ஏறலாம் ஐயா?"

"பழைய ஆளுங்க கணக்கு ஒண்ணு உண்டு. முன்னாடி நூத்துக்குப் பத்து. பின்னாடி பத்துல இருந்து இருபதுக்குள்ள. அதுக்கு மேல ஏறுச்சுன்னா, காத்து கம்மி, டயர் ரொம்ப மடங்கிச் சூடாகுதுன்னு அர்த்தம். ஏறவே இல்லேன்னா, காத்து ஜாஸ்தி, டயர் வேலையே செய்யலைன்னு அர்த்தம்."

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். டிராக் மன்னனுக்கு முன்னால் 17 சதவீதம், பின்னால் 22 சதவீதம். இரண்டும் எல்லை தாண்டிவிட்டது. காற்றைக் குறைத்ததால் பிடி கூடவில்லை, கொதிப்புதான் கூடியிருக்கிறது.

"ஆனா வீடியோவுல பத்துப் பன்னெண்டு இறக்கறாங்களே?" என்றான் அவன், விடாமல்.

பெரியவர் சிரித்தார். "அது ஆயிரம் சி.சி. வண்டி தம்பி. அதுல ஸ்டிக்கரே முப்பத்தாறு, நாப்பத்திரெண்டு. அவன் பத்துப் பன்னெண்டு இறக்கினாலும் முப்பதுல நிப்பான். உங்க வண்டியில இருக்கறதே இருபத்தஞ்சு. அதுல எங்கேருந்து பத்தை இறக்குவீங்க? ஒண்ணு ரெண்டு, மிஞ்சினா மூணு."

பக்கத்துப் பெஞ்சுக்காரனைப் பார்த்துக் காப்பியடித்தவன், அவனுக்கு வேறு கேள்வித்தாள் என்பதைக் கவனிக்கவில்லை! டிராக் மன்னன் தலையைச் சொறிந்தான்.

டயர் ஆறும்வரை டீ குடித்தோம். பெரியவர் சொன்னபடி முன்னால் 23, பின்னால் 25 வைத்துக்கொண்டு ஓட்டினேன். வந்து பார்த்தால் முன்னால் 25-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது, பின்னால் 28. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில். டாலி! வண்டி வளைவில் போட்ட கோட்டில் போனது. முழங்கால் தரையில் உரசியதா என்று கேட்காதீர்கள். தரைக்கும் என் முழங்காலுக்கும் இடையில் ஒரு தமிழ் நாவலே வைக்கலாம். ஆனால் பயம் இல்லாமல் ஓட்டினேன், அது போதும்.

இந்தக் கணக்கில் உலக சாம்பியன்களே திண்டாடுகிறார்கள். மோட்டோ ஜிபி பந்தயத்தில் முன் டயர் அழுத்தம் இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. 2024-ல் அது 1.8 பார் என்று இருந்தது, நம் கணக்கில் சுமார் 26 பவுண்டு. 2025 மார்ச்சில் தாய்லாந்துப் பந்தயத்தில் மார்க் மார்க்கேஸ் முதலில் போய்க்கொண்டிருந்தவர், திடீரென்று வேகத்தைக் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னால் விட்டார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. தனியாக முன்னால் ஓடினால் எதிர்க்காற்று பட்டு முன் டயர் ஆறிப்போகிறது, அழுத்தம் ஏறவில்லை. தம்பி வண்டிக்குப் பின்னால் சூட்டில் ஒளிந்துகொண்டால் ஏறும்! அப்படியே பல சுற்று போய், அழுத்தம் ஏறியபின், கடைசிச் சுற்றுகளில் தாண்டி ஜெயித்தார். அதற்கடுத்த மாதம் கத்தாரில் மேவரிக் வின்யாலெஸ் இரண்டாவதாக வந்தார். அழுத்தம் குறைவு என்று 16 விநாடி அபராதம் போட்டதில் 14-வது இடத்துக்குப் போனார். கொஞ்சம் காற்று, ஒரு மேடையையே பறித்துவிட்டது.

கிளம்பும்போது பெரியவர் என் தோளைத் தட்டினார். "தம்பி, எல்லாரும் ஒண்ணை மறந்துடுவாங்க. இங்க இறக்கின காத்தை இங்கேயே ஏத்திட்டுப் போங்க. ரோடு டிராக் இல்லே."

எனக்கு அதை யாரும் இரண்டாவது தடவை சொல்லவேண்டியதில்லை.

* * *

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு காலை காபிக்கு முன் ஒரு சடங்கு. வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்திருக்கும்; அதுதான் சரியான நேரம். ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு பார்த்து, 'ஐயோ ஜாஸ்தி' என்று இறக்கினால் ஓப்பனிங் பேலன்ஸ் குறைந்துவிடும். அப்பா முக்காலியில் உட்கார்ந்து மீட்டரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். தேதி, முன், பின். குமாஸ்தா மகன் வேறு என்ன செய்வான்? முன்பெல்லாம் அவர் தன் சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். பைக் டயரில் அது நடக்காது. 18-க்கும் 28-க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் அவரே ஒருநாள் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கவா என்று கேட்டார் ஒரு நண்பர். பந்தயக்காரர்கள் ஈரமில்லாத நைட்ரஜன் அடிப்பது, சூட்டில் அழுத்தம் ஒரே சீராக ஏறுவதற்காக. நாம் சுவாசிக்கிற ஓசிக் காற்றிலேயே நைட்ரஜன் 78 சதவீதம். மிச்சம் 22 சதவீதத்துக்காக முழுக் காசும் கொடுப்பதைக் காமர்ஸ் படித்தவன் எப்படி ஒப்புக்கொள்வது?

போன வாரம் அப்பாவை மாதாந்தர செக்கப்புக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. (காற்று நிலவரம் இரண்டு தரப்பிலும் சீராக இருக்கிறது.) வழியில் முதல் பங்கிலேயே நிறுத்தினேன்.

"காத்து எவ்ளோ சார்?"

"முன்னாடி இருபத்தஞ்சு. பின்னாடி முப்பத்திரெண்டு," என்றேன். "அப்பா உக்கார்றாங்க."

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இத்தனை சில்லறையாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போல. அடித்தான். மூடியைத் திருகிவிட்டு, எனக்கு அடுத்து நின்றிருந்த ஸ்கூட்டர்காரரிடம் திரும்பினான். ஆபீஸ் அவசரத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை அவர்.

"காத்து எவ்ளோ சார்?"

அவர் கட்டைவிரலால் என் வண்டியைக் காட்டினார்.

"அவருக்கு அடிச்சியே, அதே அடிப்பா."